தப்பாக வந்த பெயர்

பிலார்,
புதன்கிழமை காலை

என் கண்ணான பெர்லாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி பிளாசிடாவும் கடையிலுள்ள இரண்டு ஜெராக்ஸ் மெஷின்களும் கடவுள் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் உன் இடது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. பத்து நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நத்தை எண்ணினேன் என்றாயே, காலுறையைக் காயவைத்துத்தான் போடுகிறாயா, ஈரத்தோடு போட்டால் விரலிடுக்கில் புண் வரும், புண் வந்தால் அந்த ஊர் மருந்துக்கடையில் என்ன கேட்பது என்றுகூட உனக்குத் தெரியாது. ஆறு ஏறிவிட்டது, துறைமுகத்தில் மூன்று படிதான் வெளியே தெரிகிறது. சித்திக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை, உப்பைக் குறை என்றால் சீஸ் நிறையப் போட்ட சீபா ரொட்டியாகப் பார்த்து வாங்கித் தின்கிறாள், கேட்டால் சீஸில் எங்கே உப்பு என்கிறாள். பழைய மெஷின் தாளைக் கடித்துத் துப்புகிறது, அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இந்தக் கவரில் உன் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அசல், முத்திரையோடு. முப்பது வருஷமாக ஜெராக்ஸ் போட்டுப் பிழைக்கிறவளின் மகளிடம் போய் ஜெராக்ஸ் செல்லாது, அசல்தான் வேண்டும் என்று அந்தப் பிரேசில் பல்கலைக்கழக ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள் பார். திங்கள் மதியத்துக்குள் இதை நீ கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்றால் உன் பிஎச்.டி. இடம் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிற வேறு ஒரு பிள்ளைக்குப் போய்விடும் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பதிவு ஆபீஸில் முத்திரை போடுகிற அம்மாள் லீவில் போயிருக்கிறாள், அதனால்தான் தாமதம் என்று போன வாரம் உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். நீ கேட்ட அன்றைக்கே மதியம் போய் வாங்கிவிட்டேன். ஆறு நாளாக என் மேஜை டிராயரில் மைப்பெட்டிக்கு அடியில் கிடந்தது. ஏன் கிடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், நிதானமாக உட்கார்ந்து படி, உன் ஆய்வகத்தில் நின்றுகொண்டு படிக்காதே.

நீ சதுப்புக்குள் போவதற்கு முன்னால், அங்கே போன் எடுக்காது அம்மா, செவ்வாய்க்கிழமை பட்டியல் வரும், நீயே பார்த்து வை என்று சொல்லிவிட்டுப் போனாய். தேர்வு எழுதி, நேர்காணல் முடித்து, நாற்பது பக்கத்தில் நத்தையைப் பற்றித் திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டு முடிவு பார்க்கிற வேலையை என்னிடம் விட்டாய், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. செவ்வாய் அன்று நானும் சித்தியும் காலையிலிருந்து மாத்தே இலைத் தண்ணீரைக் குடித்துக்குடித்து வயிறு உப்பிப்போய் உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்குப் பட்டியல் வந்தது. சின்னத் திரையில் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வராது, தாளில் எடுத்தேன். ஏ எழுத்தில் ஆல்மெய்தா இருக்கிறது, ஆந்த்ராதே இருக்கிறது, அன்தூனிஸ் இருக்கிறது, அதற்கு அடுத்து நேராக அராவுஜோ. நடுவில் வர வேண்டிய உன் அக்கினோ இல்லை. விரலை வைத்து நான்கு தடவை பார்த்தேன். சித்தி தாளை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்துவிட்டு, ஐயோ புள்ளைய விட்டுட்டாங்களே என்று அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள், ஸ்பைரல் போட வந்த இரண்டு பெண்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து உன் அப்பா வந்து சேர்ந்தார். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, கையெல்லாம் படகு மோட்டார் கிரீஸோடு, போனை நீட்டிக்கொண்டு, நிமியா, இதுல எம் பொண்ணு பேர் எங்க இருக்கு, என் கண்ணுக்குச் சிக்கல என்று கேட்டார். எம் பொண்ணு. நம் இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் குடித்தனம் போனபோது உனக்கு ஆறு வயது, பால்பல்கூட விழவில்லை. நீ விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அவர் பண்ணிய அலட்டல் உனக்குத் தெரியாது. துறைமுகத்தில் ஒருத்தர் விடாமல், எம் பொண்ணு டாக்டராகப் போறா, டாக்டர் அக்கினோ என்று சொல்லி வைத்திருக்கிறார், ஒரு கிழவர் என் கடைக்கே வந்து மூட்டுவலிக்கு நீ என்ன எழுதிக் கொடுப்பாய் என்று கேட்டார், நத்தைக்கு மூட்டே கிடையாது ஐயா என்று சொல்லி அனுப்பினேன். பேர் இல்ல ரிகோபெர்த்தோ, எடுக்கல என்று அன்றைக்கு நான் சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனது. பெர்லா, நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், அந்த முகத்தைப் பார்த்து எனக்கு ஒரு நொடி உள்ளே குளிர்ந்தது. இனி டாக்டர் அக்கினோ என்று எவனிடமும் சொல்ல முடியாதே என்று. நீ தோற்றுவிட்டாய் என்று நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், பெற்றவள் நான், இப்படி நினைத்தேன். அவர் போன பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உனக்காக அழுதேன், அதுவும் உண்மைதான்.

மறுநாள் காலையில் ஒரு வாத்தியார் கேள்வித்தாள் எடுக்க வந்தார். பழைய மெஷின் ஓட மறுத்தது. பக்கக் கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே உருளையில் ஒரு தாள் விசிறிமடிப்பாகச் சுருங்கிக் கிடக்கிறது. முந்தின நாள் பட்டியலின் மூன்றாவது பக்கம், நாங்கள் ஏ-யைத் தாண்டிப் பார்க்கவே இல்லையே, எத்தனை பக்கம் வந்தது என்று யார் எண்ணினோம். நீவி நீவி விரித்தேன். கடைசி வரி. எல்லாருக்கும் கீழே, இசட்டில், சார்சா, பெர்லா அக்கினோ. எனக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இங்கே படிக்கிற பிரேசில் பிள்ளைகளின் காகிதங்கள் எத்தனை என் மெஷினில் போயிருக்கும். நம் ஊரில் அப்பா குடும்பப்பெயர் முதலில், அம்மாவுடையது வாலில், அக்கினோ அவர், சார்சா நான். அவர்கள் அம்மாவுடையதை நடுவில் செருகி அப்பாவுடையதைக் கடைசியில் வைப்பார்கள், கடைசிப் பெயரில்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த ஆபீஸ்காரர்கள் உன் பெயரை அவர்கள் வழக்கப்படி படித்துவிட்டார்கள். அவர்கள் கணக்கில் நான்தான் உன் அப்பா. வாத்தியாரை நிற்க வைத்துவிட்டு நானும் சித்தியும் கட்டிப்பிடித்துக் குதித்தோம், அவர் பாவம் கேள்வித்தாளைப் பக்கத்துக் கடையில் எடுத்துக்கொண்டார்.

சித்தி உடனே போனைக் கையில் எடுத்தாள், மச்சானுக்குச் சொல்லிடலாம் அக்கா என்று. வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். கொஞ்ச நாள் நான் மட்டும் வெச்சுக்கறேன் பிளாசிடா என்றேன். அந்தத் தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன், சுருக்கம் சுருக்கமாக. சில்லறை கொடுக்கும்போதெல்லாம் பார்த்தேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது பேர் வருகிற கடை, ஒருத்தராவது அது என்ன என்று கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன், கேட்டவர்களிடம் என் மக, பிஎச்.டி.க்கு எடுத்திருக்காங்க, அந்த ஊர்ல டாக்டர் சார்சான்னு கூப்பிடுவாங்க என்று சொன்னேன். வாய்க்கு அவ்வளவு நன்றாக இருந்தது. துறைமுகத்தில் உன் அப்பா அந்த ஊர்க்காரங்களுக்கு நத்தையப் பத்தி என்ன தெரியும் என்று திட்டிக்கொண்டு திரிகிறாராம். சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் நீ சதுப்பிலிருந்து வெளியே வந்து போன் பண்ணினாய். மூச்சு வாங்க, அம்மா கெடச்சிடுச்சும்மா என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த வாக்கியம் என்ன சொன்னாய் நினைவிருக்கிறதா. ஆனா பேரை மட்டும் தப்பாப் போட்டிருக்காங்கம்மா, சரிபண்ணணும், பிறப்புச் சான்றிதழ் அனுப்பு. தப்பா. உனக்கு அது ஒரு சாதாரணச் சொல், அலைச்சலில் வந்தது, எனக்குத் தெரியும். போனை வைத்த பிறகும் நான் ரிசீவரைப் பிடித்தமாதிரியே நின்றுகொண்டிருந்தேன் என்று சித்தி சொல்கிறாள். என் பெயர் உன் மேல் ஒட்டினால் அது தப்பு, அவர் பெயர் ஒட்டினால் அது சரி. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவில் அக்கினோ. பரிசளிப்பு விழாவில் அக்கினோவின் பெற்றோர் மேடைக்கு வரவும் என்றால் வருஷத்துக்கு ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு அவர்தான் ஏறுவார், நான் கீழே உன் பையை வைத்துக்கொண்டு நிற்பேன். நீ எழுதிய மூன்று கட்டுரைகளையும் நான்தான் நல்ல தாளில் எடுத்து பைண்ட் போட்டு வைத்திருக்கிறேன், மூன்றிலும் பெர்லாவுக்கு ஒரு எழுத்து, அப்புறம் அக்கினோ. சார்சாவுக்கு ஒரு எழுத்துகூட இல்லை. நம் குவரானி மொழியில் பெற்றவள் பிள்ளையைச் சொல்கிற சொல் வேறு, தகப்பன் சொல்கிற சொல் வேறு, மெம்பி என்று உன்னை நான்தான் சொல்ல முடியும், அவர் சொன்னால் துறைமுகமே சிரிக்கும். பேசுகிற மொழியில் எனக்கென்று ஒரு சொல் இருக்கிறது, காகிதத்தில் எழுதுகிற மொழியில்தான் நான் வால்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துச் சொல்ல மாட்டேன். முப்பது வருஷமாக ஊரார் பிள்ளைகளின் ஆய்வேடுகளுக்கு ஸ்பைரல் போடுகிறேன், ஒன்று விடாமல் நன்றிப் பக்கத்தை மட்டும் படித்துவிடுவேன், அது உனக்குக்கூடத் தெரியாது. முதலில் கடவுள், அப்புறம் வழிகாட்டி, அப்புறம் தோழி தோழன், அம்மா நான்காவதோ ஐந்தாவதோ. ஒரு பையன் தன் நாய்க்குப் பிறகு அம்மாவை எழுதியிருந்தான், அவன் ஏட்டுக்கு நான் மிகக் கோணலாக ஓட்டை போட்டேன். உன்னுடையதில் நான் எங்கே இருப்பேன் என்று இப்போதே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். உன் வழிகாட்டி இவோனி அம்மாள் உனக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு போடுகிறாள், காய்ச்சலில் வந்து பார்த்தாள், இங்க அவங்கதான் எனக்கு அம்மா மாதிரி என்று நீ சொன்னபோது நல்லவேளை ஒருத்தி இருக்கிறாளே என்றுதான் பதில் சொன்னேன். அன்று முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. அவள் நன்றாக இருக்கட்டும், உனக்குச் சோறு போடட்டும், ஆனால் அந்தச் சொல்லை வேறு எதற்காவது வைத்துக்கொள்.

சரி, சான்றிதழுக்கு வருகிறேன். வாங்கிக்கொண்டு வந்தேன், டிராயரில் போட்டேன். நாளைக்கு அனுப்பலாம் என்று. மறுநாளும் நாளைக்கு. உன் இடமே போய்விடும் என்று தெரிந்தும் அதை உள்ளே வைத்துப் பூட்டினேன், அது அங்கே போய்ச் சேர்கிற வரைக்கும்தான் நீ சார்சா. நான்காவது நாள் சித்தி பொறுக்காமல் உன் அப்பாவிடம் போய் நீ தேறிவிட்ட விஷயத்தைச் சொல்லிவிட்டாள். பைக் சத்தம் கேட்டது, உள்ளே வந்தார், வாயெல்லாம் பல். நீ ஏன் எங்கிட்ட சொல்லல என்று கேட்கத்தான் வந்தார், அதற்குள் கண்ணாடிக்கு அடியில் தாளைப் பார்த்துவிட்டார். குனிந்து படித்தார். சார்சாவா, அது உன் பேராச்சே என்றார். ஆமா என்றேன். அப்ப அந்த ஊர்ல நான் யாரு என்றார். நடுவுல இருக்க, இனிஷியல் மாதிரி என்றேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், வாத்தியார் கேள்விக்கு முழிப்பதுபோல் மறுபடியும் குனிந்து அந்த வரியைப் படித்தார். இந்த முகத்துக்காக இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவள் நான், ஆசைதீரப் பார்த்தேன்.

ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா. கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, இதுல எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு நிமியா, பேரு யாருதா இருந்தா என்ன, புள்ள உள்ள போயிட்டா இல்ல என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர், துறைமுகம் முழுக்க அதைக் காட்டியிருக்கிறார், என் பெயரோடு. சித்தி என்னைப் பார்த்த பார்வை, அந்த மனுஷனுக்கு இருக்கிற மனசு உனக்கு இல்லையே என்கிற பார்வை. எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பெருந்தன்மை அவருக்குச் சுலபம் பெர்லா, எல்லாக் காகிதத்திலும் அவர் பெயர் இருக்கிறது. ஒரே ஒரு தாளை விட்டுக்கொடுப்பதில் என்ன நஷ்டம். இருந்தாலும் அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் காட்டித் திரிகிற தாள் செல்லாமல் போகப்போகிறது, போக வைக்கப்போகிறவள் நான் என்பது அப்போதுதான் உறைத்தது. டாக்டர் சார்சாவும் இல்லாமல், டாக்டர் அக்கினோவும் இல்லாமல், யாரோ ஒரு பிள்ளை உன் நாற்காலியில் உட்கார்ந்துவிடும், நீ அழுவாய், ஏன் என்று உனக்குத் தெரியவே தெரியாது.

நேற்றுக் காலையில் கடையைச் சித்தியிடம் விட்டுவிட்டு அந்த ஆபீஸுக்கு நானே போன் பண்ணினேன். என் போர்த்துக்கீசியம் உனக்குத் தெரியும், பாதி கை ஜாடை, போனில் கையும் உதவாது. ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். பெயரைத் திருத்த வேண்டுமா என்றேன். திருத்தியே ஆகணும்னு ஒண்ணும் இல்லம்மா, இங்க யாரும் தப்பாப் போடல, ரெண்டுமே அவங்க பேருதான், சான்றிதழ் ரெண்டுக்கும் வேணும், திங்கக்கிழமை பாரத்துல ரெண்டுல எது வேணுமோ அத எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, அப்புறம் பட்டம் வரைக்கும் அதுதான் ஓடும் என்றாள். புரியாததுபோல் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னாள். இதை உன்னிடம் சொல்லாமல் சான்றிதழை மட்டும் அனுப்பியிருக்கலாம், நீ பாட்டுக்கு அக்கினோ என்று எழுதியிருப்பாய், பழக்கதோஷத்தில். சான்றிதழை அனுப்பாமல் இதை மட்டும் சொல்லவும் என்னால் முடியாது. அதனால் இரண்டையும் அனுப்புகிறேன்.

எனக்கும் பாரங்கள் தெரியும். மூன்று கட்டுரையில் ஒரு பெயர், பட்டத்தில் வேறு பெயர் என்றால் ஆயுசுக்கும் நீ விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் இரண்டும் ஒருத்திதான் என்று சான்று கேட்பார்கள். அக்கினோ என்று எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை. இதையும் சொல்லாமல் மறைத்தால் நான் உனக்கு அம்மா இல்லை.

கவரை இன்று பகல் பஸ்ஸில் டிரைவர் கையில் கொடுக்கிறேன், அசுன்சியோனில் சித்தியின் சிநேகிதி வாங்கி உன் ஊருக்கு வருகிற போர்த்தோ அலெக்ரே பஸ்ஸில் ஏற்றிவிடுவாள், சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பஸ் நிலையத்தில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கு, தூங்கிவிடாதே. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போ. திங்கள் காலையிலேயே ஆபீஸுக்குப் போய்விடு, மதியம் வரை தள்ளாதே, அந்த விஷயத்தில் நீ என்னைப்போல. உடம்பைப் பார்த்துக்கொள், கஞ்சியோ கிழங்கோ சூடாக எதையாவது சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கு. நம் ஊர் மாதா உன்னோடு இறங்கட்டும், உன்னோடு கரையேறட்டும். நீ நினைத்த படிப்பை நினைத்தபடி முடிப்பாய், என் வாயால் சொல்கிறேன்.

மேலே ஒரு வரியைக் கறுப்பாக அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயற்சி செய்வாய், உன்னைத் தெரியாதா, நானே சொல்லிவிடுகிறேன். நீ எந்தப் பெயரை எழுதினாலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதியிருந்தேன். ஆறு நாள் பொய் சொன்னது போதும் என்று அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
நிமியா சார்சா